டாக் என்ற சொல்

டூரிட் ஹால்செத் கோபக்காரி என்று அலுவலகத்தில் பெயர். அது முழுப் பொய்யும் இல்லை. குடுவையில் இருக்கும் கடைசிக் காப்பியை ஊற்றிக்கொண்டு, புதிதாகப் போட்டுவைக்காமல் நழுவுகிறவனை இருந்த இடத்திலிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்துவாள். ஆனால் பழைய புரோகிராமில் ஏதாவது சிக்கிக்கொண்டால், திட்டு வாங்கினவர்களே அவள் மேசைக்குத்தான் வந்து நிற்பார்கள். ஓப்டாலில் ஆடு வளர்த்தவரின் மகள். டிரோண்ட்ஹைமுக்குப் படிக்க வந்தாள். படிப்பு முடிந்த கையோடு, செருப்புக்கடை மாடியில் நாலு பேர் நடத்திக்கொண்டிருந்த ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். அந்த நாலு பேரில் ஒருவன் டாக். கொஞ்ச காலத்திலேயே அவனைக் கல்யாணமும் செய்துகொண்டாள்.

கம்பெனி செய்தது மருந்துக் கணக்கு. முதியோர் இல்லங்களிலும், வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸுகளின் கைப்பேசியிலும் ஓடுகிற புரோகிராம். யாருக்கு எந்த மருந்து, இதுவரை எவ்வளவு கொடுத்தாயிற்று, இன்னும் கொடுக்கலாமா கூடாதா என்று அது சொல்லும். நர்ஸ் அதைப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரையை எடுப்பாள். செருப்புக்கடை மாடி போய் ஆற்றோரம் கண்ணாடிக் கட்டடம் வந்தது. நாலு பேர் பெருகி, ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரியாத அளவு கூட்டமானார்கள். புரோகிராமும் வீட்டுக்குப் பின்னால் அறை, அறைக்குப் பின்னால் கொட்டகை என்று இழுத்துக் கட்டின வீடாக வளர்ந்தது. அதன் எல்லா மூலையும் தெரிந்தவர்கள் கடைசியில் இரண்டே பேர், டூரிட்டும் டாக்கும்.

நார்வேக்காரர்கள் வாயில் டாக் என்றால் நாள். பகல் என்றாலும் டாக்தான். நாம் நாள் வேறு, பகல் வேறு என்று பிரித்து வைத்துக்கொண்டு பிழைத்தோம். பகலும் இரவும் சேர்ந்த முழு நாளுக்கு டொய்ன் என்று தனிச்சொல் அவர்களிடமும் உண்டு. ஆனால் ஓடுகிற ஓட்டத்தில் யார் அதைத் தேடி எடுத்துப் பேசுகிறார்கள்? போதாக்குறைக்கு டாக் என்பது ஆண்பிள்ளைப் பெயரும்கூட. வணக்கம் சொல்வதற்கு 'கூ டாக்'. கல்யாண விருந்தில் எழுந்து பேசியவர்கள் அத்தனை பேரும், தானே முதன்முதலாகக் கண்டுபிடித்ததுபோல, 'கூ டாக், டாக்' என்று மாப்பிள்ளைக்கு வணக்கம் வைத்தார்கள். டூரிட் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

புரோகிராம் எழுதுகிறவர்கள் இயந்திரத்துக்கென்று ஒன்று எழுதுவார்கள், தங்களுக்குப் பின்னால் வரப்போகும் மனிதர்களுக்கென்று ஒன்று எழுதுவார்கள். மனிதர்களுக்கு எழுதும் குறிப்பை இயந்திரம் சட்டை செய்யாது. டாக் தன் குறிப்பு ஒவ்வொன்றையும் தன் பெயரில்தான் தொடங்குவான். 'டாக்: இது நகராட்சி கேட்டது, என்னைக் கேட்காதீர்கள்.' 'டாக்: அசிங்கமாக இருக்கிறது, ஆனால் ஓடுகிறது.' 'டாக்: டூரிட் பார்ப்பதற்குள் இதை யாராவது சரிசெய்யவும்.' குறிப்பைத் தனி வரியில் எழுது, வேலை செய்கிற வரியின் வாலில் தொங்கவிடாதே என்று அவள் அவனைத் திட்டாத வருஷம் கிடையாது. அவனும் ஒருவழியாகத் திருந்திவிட்டான் என்றுதான் நினைத்திருந்தாள்.

மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் டாக் செத்துப்போனான். ஊருக்கு மேலே காட்டில் பனிச்சறுக்குப் போனவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தடத்தோரம் உட்கார்ந்திருக்கிறான். பின்னால் வந்தவர்கள் களைப்பாறுகிறான் என்று நினைத்து, தலையசைத்துவிட்டுத் தாண்டிப் போனார்கள். அடக்கம் முடிந்த கையோடு டூரிட் வேலைக்கு வந்துவிட்டாள். அவனைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. பேச வந்தவர்களிடம் பிடி கொடுக்கவும் இல்லை.

இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின மாதம், ஃபோசன் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு கிழவி செத்தாள். வலிக்கு மருந்து. ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் கூடாது என்று டாக்டர் வரம்பு போட்டிருந்தார். பகலில் வந்த நர்ஸுகள் அந்த வரம்பு வரைக்கும் கொடுத்துவிட்டார்கள். இரவு நர்ஸ் வந்து பார்த்தபோது 'இன்று கொடுத்தது: பூஜ்யம்' என்று திரை சொன்னது. அவள் கொடுத்தாள். காரணத்தைத் தோண்டிப் பார்த்தால், புரோகிராமில் ஓரிடத்தில் டாக் என்றால் காலை ஏழிலிருந்து இரவு பத்து வரை என்று எழுதியிருந்தது. பத்து அடித்ததும் கணக்கு அழிந்து புதிதாகத் தொடங்கியது. முழு நாள் என்று இருக்க வேண்டிய இடத்தில் பகல் என்று யாரோ எழுதிவிட்டார்கள். எழுதின ஆள் ஸ்டவாங்கர் பக்கம் எங்கேயோ போய்ப் பல வருஷம் ஆயிற்று.

அந்த வரியைத் திருத்துவது ஒரு மணி நேர வேலை. இதே தப்பு வேறெங்கே ஒளிந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. அது தெரியும்வரை நர்ஸுகள் கொடுக்கிற மருந்தையெல்லாம் காகிதத்திலும் எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று எல்லா நகராட்சிக்கும் சொல்லியாயிற்று. தேடுகிற வேலை டூரிட் தலையில் விழுந்தது. வேறு யார் தலையில் விழும்?

முதல் தப்பில் ஏழு, பத்து என்று எண்கள் இருந்தன. எண்களை வைத்துத் தேடினாள், வேறெதுவும் கிடைக்கவில்லை. ஆனால் எண்ணே இல்லாமல், டாக் என்ற சொல்லை மட்டும் வைத்து யாராவது எழுதியிருந்தால்? ஆகவே அந்தச் சொல்லையே தேடச் சொன்னாள். இயந்திரம் கொட்டித் தீர்த்துவிட்டது. அவர்கள் மொழியில் திங்கள்கிழமை மான்டாக், செவ்வாய் தீஷ்டாக், ஞாயிறு சொன்டாக். ஏழு கிழமைக்கும் வால் டாக். பிறந்தநாளில் டாக். சாயங்காலச் சாப்பாட்டுக்கு மிட்டாக். பகல் வேலை முறையில் டாக். கண்டுபிடிப்பது என்ற சொல்லை எழுதினால் அதன் நடுவிலும் டாக். நர்ஸ் காலையில் திரையைத் திறந்தால் அது சொல்லும் வணக்கத்திலும் டாக்.

டூரிட் சல்லடை போட ஆரம்பித்தாள். கிழமைகள் வேண்டாம் என்றாள், பாதி உதிர்ந்தது. சாப்பாடு வேண்டாம், பிறந்தநாள் வேண்டாம், வணக்கம் வேண்டாம். ஒவ்வொன்றையும் தள்ளுவதற்கு முன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவிட்டுத்தான் தள்ளினாள். ரொட்டிப் பொட்டலத்தை மேசையிலேயே பிரித்து, பழுப்புப் பாலாடைக்கட்டியைக் கடித்துக்கொண்டே பார்த்தாள். யாராவது கிட்டே வந்தால் கையை மட்டும் தூக்கினாள்.

எல்லாம் உதிர்ந்த பிறகு மிஞ்சியது அவன். 'டாக்:' 'டாக்:' 'டாக்:' என்று திரை முழுக்க, எத்தனை தள்ளினாலும் தீராமல். முதலில் அவளும் ஒழுங்காகப் படித்தாள். 'டாக்: இதைத் தொட்டால் எல்லாம் விழும், தொட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன்.' சிரித்துவிட்டாள். 'டாக்: மகள் பிறந்துவிட்டாள், மிச்சம் அடுத்த வாரம்.' அதற்குமேல் எழுத்து கலங்கியது. எழுந்து கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மறுபடியும் உட்கார்ந்தாள், மறுபடியும் அதே. மூன்று வருஷமாக யாரிடமும் பிடி கொடுக்காமல் இருந்தவளை அந்தத் திரை கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. இது வெறும் குறிப்பு, இயந்திரம் இதைப் படிப்பதே இல்லை, இதில் எந்தத் தப்பும் ஒளிய முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவன் பெயரும் பெயருக்குப் பின்னால் இரண்டு புள்ளியும் உள்ள வரிகளெல்லாம் வேண்டாம் என்று சல்லடைக்குச் சொன்னாள். திரை ஏறக்குறைய காலியானது. மூச்சு விட்டாள்.

மிச்சம் இருந்த வரிகளைப் பார்த்து முடித்தாள். அவற்றில் தப்பு எதுவும் இல்லை.

கம்பெனியை நடத்துகிற கிஸ்லே அவளைவிடப் பத்து வயது இளையவன். முதலாளியானாலும் நீ, நான் என்றுதான் அங்கே பேச்சு. ஈஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்தது. ஈஸ்டருக்கு அந்த நாடே மலைக் குடிசைக்குப் போய்விடும். முதியோர் இல்லங்களில் பழக்கமில்லாத தற்காலிக ஆட்கள்தான் இருப்பார்கள், அவர்களை வைத்துக்கொண்டு காகிதக் கணக்கு எழுத முடியாது என்று நகராட்சிகள் தினமும் அவனைப் போனில் பிய்த்து எடுத்தன. பாவம், அவனும் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றான்.

"டூரிட், வேற எங்கேயும் இல்லைன்னு நான் எழுதிக் குடுக்கலாமா?"

"குடு."

"நிச்சயமா?"

"நான் சொன்னா சரியா இருக்காதா?"

எரிந்து விழுந்துதான் சொன்னாள். அவளை மறுபடி கேட்கும் தைரியம் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் கிடையாது. அவன் எழுதிக் கொடுத்தான். நர்ஸுகள் காகிதத்தை விட்டார்கள்.

ஈஸ்டர் முடிந்து இரண்டாவது வாரம் ஓர்காங்கரில் அஸ்லாக் என்ற ஒருவர் செத்தார். படகுகளுக்கு எஞ்சின் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர். புற்றுநோய். வீட்டிலேயே வைத்துப் பார்த்தார்கள், வலிக்கு மார்ஃபின், நர்ஸ்தான் வந்து போடுவாள். பகலில் வரம்பு வரை போட்டாயிற்று. இரவு வலி தாங்காமல் அவர் முனகியபோது மனைவி போர்கில்தான் போன் செய்து நர்ஸை வரவழைத்தாள். நர்ஸ் கைப்பேசியைப் பார்த்தாள். இன்று கொடுத்தது பூஜ்யம் என்று அது சொன்னது.

சேதி வந்ததும் டூரிட் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். போட்ட சல்லடையை ஒவ்வொன்றாக எடுத்தாள். கிழமைகளை உள்ளே விட்டுப் பார்த்தாள், இல்லை. சாப்பாட்டை விட்டுப் பார்த்தாள், இல்லை. கடைசியாகத் தன் புருஷன் பெயரை உள்ளே விட்டாள். வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் நர்ஸுகளுக்கான பகுதியில், யாரும் பல வருஷமாக எட்டிப் பார்க்காத ஒரு மூலையில் அந்த வரி இருந்தது. பகல் வேலை முறை முடிந்ததும் மருந்துக் கணக்கை அழி என்று இயந்திரத்துக்குச் சொல்கிற வரி. எண் எதுவும் இல்லை, டாக் என்ற சொல் மட்டும். அந்த வரியின் வாலில், தனி வரியில் எழுதச் சொல்லி அவள் எத்தனையோ முறை திட்டியும் கேட்காமல், ஒரு குறிப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

'டாக்: இங்கே பகலா, முழு நாளா? டூரிட்டைக் கேட்கணும்.'

வரியில் அவன் பெயர் இருந்ததால் சல்லடை வரியையே தூக்கி வெளியே போட்டுவிட்டது. வாலைத் தள்ளினால் தலையும் சேர்ந்து போகும் என்பது புரோகிராம் கற்கிற முதல் மாதத்திலேயே தெரிந்துவிடுகிற விஷயம். அவளுக்குத் தெரியாததா? தெரியும். படிக்க முடியாமல் தள்ளினாள், அவ்வளவுதான்.

அவன் தன்னைக் கேட்டானா என்று அவள் யோசித்து யோசித்துப் பார்த்தாள். குறிப்பின் தேதி மகள் பிறந்த அடுத்த வருஷம். அப்போது வீட்டில் ஒரு சட்டம் போட்டிருந்தாள், சாப்பாட்டு மேசையில் அலுவலகப் பேச்சே கூடாது என்று. அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் கரண்டியைத் தூக்கிக் காட்டுவாள். ஒருவேளை கேட்க வந்திருப்பான். கரண்டியைப் பார்த்து வாயை மூடியிருப்பான். பிறகு மறந்திருப்பான். அப்படித்தான் என்று சொல்லவும் அவளால் முடியவில்லை, அப்படி இல்லை என்று சொல்லவும் ஆள் இல்லை.

கிஸ்லே அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, சுகாதாரத் துறை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய விளக்கத்தைத் தயார் செய்தான். காலமாகிவிட்ட முன்னாள் ஊழியர் ஒருவர் எழுதிய தெளிவற்ற வரி, வழக்கமான தேடலில் சிக்கவில்லை என்று நன்றாகப் பூசி மெழுகியிருந்தான். கெட்ட மனிதன் இல்லை அவன். அவளைக் காப்பாற்றத்தான் பார்த்தான். செத்தவனுக்கு இனிமேல் என்ன நஷ்டம் என்று மென்று விழுங்கினான். அஸ்லாக்குக்கு எப்படியும் கோடை தாண்டாது என்று டாக்டரே சொல்லியிருந்தாராம் என்று ஆறுதலுக்குச் சொல்லிவைத்தான்.

"கோடை வரைக்கும் இருந்த நாளெல்லாம் அவரோடதுதானே, கிஸ்லே. நம்மளோடதா?"

அவன் எழுதியதை அவள் பக்கம் திருப்பினான்.

"தேடல்ல சிக்கலைன்னு எழுதாத. சிக்கினதை நான் தள்ளினேன். அப்படியே எழுது. அவன் சந்தேகத்தோடதான் எழுதியிருக்கான், அதையும் எழுது. என்னைக் கேட்கணும்னு எழுதியிருக்கான், அதையும்."

"அப்படி எழுதினா உன் கதி என்ன ஆகும்னு தெரியுமா?"

"அந்த நர்ஸ் கதி என்ன ஆச்சு?"

இரவில் போய் மருந்து போட்ட நர்ஸ் அன்றிலிருந்து வேலைக்கு வரவில்லை. வீட்டைவிட்டே வருவதில்லை என்று பேச்சு. கிஸ்லே விளக்கத்தை மாற்றி எழுதினான். எழுதும்போது அவள் பின்னாலேயே நின்றாள்.

இறந்தவர் வீட்டுக்குப் போகாதே என்று கம்பெனி வக்கீல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை டூரிட் காரை எடுத்துக்கொண்டு ஓர்காங்கர் போனாள். போர்கில் எழுபதைத் தாண்டியவள். வந்தவள் யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டபிறகும் உள்ளே விட்டாள், காப்பி ஊற்றினாள். யார் வந்தாலும் ஊற்றிப் பழகிய கை அது. டூரிட் எதையும் மறைக்கவில்லை. சொல்லையும், சல்லடையையும், புருஷன் பெயரையும், தான் அடித்துச் சொன்னதையும் வரிசையாகச் சொன்னாள். காப்பி ஆறியது.

"உன் வீட்டுக்காரர் அப்படி என்னதான் எழுதி வச்சிருந்தார்?" என்று போர்கில் கேட்டாள்.

"வேடிக்கையா ஏதாவது எழுதுவார். வேலையைப் பத்தி, என்னைப் பத்தி."

"சிரிப்பு வர்ற மாதிரியா?"

"ஆமா."

"அதைப் படிக்கத்தான் உன்னால முடியலை."

"முடியலை."

போர்கில் ஜன்னல் பக்கம் பார்த்தாள். அங்கே ஆஸ்பத்திரிக் கட்டில் இன்னும் எடுக்கப்படாமல் கிடந்தது.

"அஸ்லாக் எழுதுற ஆளே இல்ல. கடைச் சீட்டுகூட நான்தான் எழுதுவேன். ஆனா பேசுவார். படுத்த பிறகு ரொம்பப் பேசினார். முன்னே ஒருநாளும் சொல்லாததையெல்லாம் சொல்ல ஆரம்பிச்சிருந்தார். பாதியில நிக்குது."

மன்னித்துவிடுங்கள் என்று கேட்கத்தான் டூரிட் வந்திருந்தாள். அந்தக் கட்டிலைப் பார்த்தபிறகு அது வாயில் வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? கேட்டால், அந்தக் கிழவி மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவாள். அதை வாங்கிக்கொண்டு போவது இன்னொரு திருட்டு என்று பட்டது.

"இதே மாதிரி இன்னும் எங்கேயாவது இருக்கா?" என்று போர்கில் கேட்டாள்.



"தெரியலை."

"தெரியலைன்னா இங்க ஏன் உக்காந்திருக்க?" போர்கில் காப்பிக் கோப்பையை அவள் முன்னாலிருந்து எடுத்தாள். "போய்ப் படி."

டூரிட் எழுந்தாள். வாசலில் குனிந்து ஷூ மாட்டுகையில் நாடா முடிச்சு விழவில்லை. போர்கில் உதவிக்கு வரவில்லை, கதவைச் சாத்தவும் இல்லை. முடிச்சு விழும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

நர்ஸுகள் மறுபடியும் காகிதத்தில் எழுத ஆரம்பித்தார்கள். விசாரணை முடியும்வரை டூரிட் புதிதாக எதையும் எழுதக்கூடாது, தேட மட்டும் செய்யலாம் என்று முடிவானது. அவள் எல்லாச் சல்லடையையும் எடுத்துப்போட்டாள். கிழமைகள் வந்தன, சாப்பாடு வந்தது, வணக்கம் வந்தது, நடுநடுவே அவன் வந்தான். அவனை அவள் இப்போது இரண்டு முறை படிக்க வேண்டும், முதலில் தலையை, பிறகு வாலை. ஓரிடத்தில் அவன் வேடிக்கையாக எழுதியிருந்தான், அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வரியில் தப்பு இருக்கிறதா என்று பார்த்தாள், இல்லை. அடுத்த வரிக்குப் போனாள்.